தெற்கே ஒரு மாடி

சுருவோகா
2017 அக்டோபர் 8

அண்ணனுக்கு,

பருவத்தைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சமையலறையில் அதையெல்லாம் யாரும் சொல்லித்தருவதில்லை. அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன். போனில் பேசிவிடலாம் என்றுதான் பார்த்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள்.

மார்ச் கடைசியோடு எனக்கு வேலை முடிகிறது. ஆஸ்பத்திரி கொடுத்த குவார்ட்டர்ஸையும் அன்றே காலி செய்ய வேண்டும். என் மகள் ஹோனமி புருஷனை விட்டுவிட்டுக் குழந்தையோடு என்னிடம் வந்திருக்கிறாள். அவன் கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிகிறவன். கடைசியாக எறிந்தது சோறு வேகிற குக்கர். மூன்று பேருக்கும் போக்கிடம் என்று இருப்பது உங்கள் வீட்டுக்குப் பின்னால் அம்மா இருந்த வீடுதான். அது எனக்கு எழுதி வைத்தது. கூரை ஒழுகுகிறது, அடுத்த நில நடுக்கத்துக்குத் தாங்காது என்று பார்த்தவர் சொல்லிவிட்டார். இடித்துவிட்டுக் கட்டப் போகிறேன்.

கட்டுவதற்கு ஒரு தடை. தெருவிலிருந்து என் மனைக்கு வருகிற சந்து இரண்டு மீட்டர் அகலம் இருந்தால்தான் புது வீட்டுக்கு அனுமதி கிடைக்குமாம். பத்திரத்தில் இரண்டு மீட்டர் இருக்கிறது. ஆனால் சுவருக்கும் சுவருக்கும் நடுவே டேப் பிடித்தால் ஆறு சென்டிமீட்டர் குறைகிறது. அந்த ஆறு, அப்பா கட்டிய சுவருக்குள் இருக்கிறது.

உங்களுக்கு நினைவிருக்கும். மனையைப் பிரித்தபோது அப்பா நூல் கட்டி, எல்லைக் கோடு சுவருக்கு நட்டநடுவில் ஓடுகிற மாதிரி கான்கிரீட் கல்லை அடுக்கினார். "பாதி உனக்கு, பாதி அவனுக்கு. சண்டை போட ஒண்ணும் மிச்சம் வைக்கல பாத்துக்கங்க" என்று கையைத் தட்டிக்கொண்டார். அந்தப் பாதிதான் இப்போது என் கழுத்தில் நிற்கிறது. சுவர் இருவருக்கும் பொது என்பதால் இருவரும் சம்மதம் என்று பேர் முத்திரை வைத்தால்தான் இடிக்கலாம். செலவு என்னுடையது. உங்கள் பக்கம் என்ன வேலி வேண்டுமோ அதையும் நானே போட்டுத்தருகிறேன்.

மனையில் பாதிக்கு மேல் கட்டடம் கூடாது என்பதால் கீழே சமையலறையும் ஒரு அறையும்தான் வரும். அதனால் மேலே ஒரு மாடி. வடக்கே இருப்பவருக்கு வெயில் மறையக் கூடாது என்று எல்லையோரம் கூரையைச் சரிவாக வெட்டச் சொல்கிறது சட்டம். வடக்கே இருப்பவர் நீங்கள்தான். வெட்டித்தான் வரைந்திருக்கிறார் என்ஜினியர்.

இங்கே நவம்பரில் மூடுகிற வானம் மார்ச்சில்தான் திறக்கும். கல்யாணமாகி வந்ததிலிருந்து குளிர்காலத்தில் வெயிலில் துணி காயப்போட்டதில்லை நான். கடைசிக் காலத்திலாவது கொகுபுன்ஜி வெயிலில் ஒரு போர்வையை உதறிக் காயப்போட வேண்டும் என்று ஆசை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தமாகி

•

கொகுபுன்ஜி
அக்டோபர் 15

தமாகிக்கு,

வானம் உயர்ந்து, துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. எதிர்வீட்டுப் பெர்சிமன் மரம் பழுத்து, பறிக்க ஆளில்லாமல் காகங்கள் தின்கின்றன. காலையில் மட்டும் ஒரு ஸ்வெட்டர் தேவைப்படுகிறது. மத்தியானத்தில் அதைக் கழற்றிவிடலாம்.

நாலு வரி முடிந்தது. எழுதினால் ஒன்றும் குறைந்துபோகவில்லை, பார்.

'எல்லை' என்ற சொல்லுக்கு நீ போட்டிருக்கும் எழுத்து தப்பு. இரண்டு இடத்திலும் தப்பு. சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன். அப்புறம், நீங்கள், உங்கள் என்று கடிதம் முழுக்க இறைத்திருக்கிறாய். கடன் கொடுத்தவனுக்கு எழுதுகிற மரியாதை. வீட்டில் என்னை 'நீ' என்று கூப்பிட்டு, கூடப் பிறந்தவன் என்று பார்க்காமல் கையைக் கடித்தவள் நீ.

சுவரை இடிக்க எனக்குச் சம்மதம் இல்லை. தெற்கே மாடி எழும்பவும் சம்மதம் இல்லை. சட்டம் அனுமதிக்கிறது என்கிறாய். இரண்டு மீட்டர் என்று சொல்வதும் அதே சட்டம்தான். உனக்கு வேண்டிய வரியை மட்டும் படிக்க முடியாது. சட்டம் கூரையைச் சரிக்கச் சொல்கிறது, உண்மை. டிசம்பர் மாதச் சூரியன் எவ்வளவு தாழ்ந்து போகும் என்பது அந்தச் சட்டத்தை எழுதினவனுக்குத் தெரியாது.

சுருவோகாவில் வாடகை குறைவு. குழந்தைக்கும் ஊர் பழகியிருக்கும். யோசித்துப் பார்.

கினுகோ நலம்.

குனிஹிகோ

•

சுருவோகா
அக்டோபர் 29

அண்ணனுக்கு,

எழுத்துத் திருத்தியதற்கு நன்றி. எல்லை என்ற எழுத்து இப்போது சரியாக வருகிறது. எல்லைதான் வழிவிடவில்லை.

'கினுகோ நலம்' என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். நலமாக இருக்கிற அண்ணி அம்மாவின் நினைவு நாளன்று மாடியை விட்டு ஏன் இறங்கவில்லை? குருக்கள் மந்திரம் ஓதி முடித்து, எல்லோரும் சாப்பிட்டு, நான் ரயிலுக்குக் கிளம்புகிற வரைக்கும் இறங்கவில்லை. "சளி பிடிச்சிருக்கு. யாருக்கும் ஒட்டிடக் கூடாதேன்னு பாக்கறா" என்றீர்கள். மேலே டிவி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் காது கேட்கும் அண்ணா.

அம்மா படுத்தபோது லீவு போட்டு வந்து, அந்த ஒழுகுகிற வீட்டில் அவள் பக்கத்தில் படுத்து, அள்ளிக் கொட்டியவள் நான். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி. வந்தது ஒரே ஒரு தடவை. பூசணிக்காய் வேகவைத்ததை ஒரு கிண்ணத்தில் போட்டுச் சுவருக்கு மேலே நீட்டினாள். சுற்றி வரக்கூட இல்லை. கிண்ணத்தோடு உள்ளே போனேன். "யாருடி வந்தா?" என்றாள் அம்மா. "சுவரு வந்துச்சும்மா. பூசணிக்கா குடுத்துட்டுப் போச்சு" என்றேன். அம்மா அன்றைக்குச் சிரித்ததுதான் கடைசி.

இதையெல்லாம் சொல்லிக்காட்ட வேண்டாம் என்றுதான் இருந்தேன். சட்டத்தில் வேண்டிய வரியை மட்டும் படிக்காதே என்று நீங்கள் எழுதியதால் முழுசாகப் படித்தேன். மனையில் பாதிக்கு மேல் கூரை கூடாது என்பது எனக்கு மட்டும் இல்லையாம், உங்களுக்கும்தானாம். உங்கள் வீடு கட்டும்போதே அந்தப் பாதியைத் தொட்டுவிட்டது. நினைவு நாளன்று வாசலில் புதுசாக ஒரு கார் ஷெட் பார்த்தேன். நாலு தூண், மேலே பிளாஸ்டிக் கூரை. அதுவும் கூரைதான் என்கிறார் என்ஜினியர். ஊரில் முக்கால்வாசிப் பேர் தெரியாமல் போட்டுவிடுகிறார்களாம், யாராவது சொல்லாத வரைக்கும் ஒன்றும் ஆகாதாம்.

காரை விற்றுவிட்டு பஸ்ஸில் போகிறவருக்குக் கார் ஷெட் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அந்தஸ்துக்காக இருக்கும். நகராட்சிக்கு ஒரு போன் போட எனக்கு அதிக நேரம் ஆகாது.

முத்திரை வைத்து அனுப்புங்கள்.

தமாகி

•

கொகுபுன்ஜி
நவம்பர் 26

தமாகிக்கு,

இன்றைக்குப் பருவம் கிடையாது.

நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் டேப் பிடித்தார், ஒருவர் போட்டோ எடுத்தார். "புகார்னு வந்துட்டா வராம இருக்க முடியாதுங்க சார். இந்தத் தெருவுல பாதி வீடு இப்படித்தான் இருக்கு" என்று வயதானவர் தலையைச் சொறிந்தார். யார் புகார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அவருக்கு அந்தச் சங்கடத்தையும் கொடுப்பானேன்.

நேற்று ஆள் வைத்துப் பிரித்துப் போட்டுவிட்டேன். தூண் நின்ற குழிகளைச் சிமென்ட் பூசி மூடியாயிற்று. இப்போது என் வீடு சட்டத்துக்குள் இருக்கிறது, உனக்குத் திருப்திதானே. இனி செவ்வாயும் வெள்ளியும் மழை பெய்யாமல் இருந்தால் சரி.

சட்டத்தை வைத்து நீ என்னைத் திருத்திவிட்டாய். சட்டப்படியே சுவரும் நிற்கும். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

குனிஹிகோ

•

சுருவோகா
டிசம்பர் 10

அண்ணனுக்கு,

ஆமாம், நான்தான் போன் செய்தேன். பேர் சொல்ல வேண்டியதில்லை என்றார்கள், சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்ததும் மனசு குளிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தேன். அன்று ராத்திரி சமைத்த மீன் எனக்கே பிடிக்கவில்லை. செவ்வாய், வெள்ளி என்ன கணக்கு என்றும் புரியவில்லை.

வீம்பு போதும். நான் இறங்கி வருகிறேன்.

மாடி வேண்டாம். ஒரு தளம் மட்டும். உங்கள் பக்கத்து எல்லையை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, தெற்குக் கோடியில் ஒட்டிக் கட்டச் சொல்லிவிட்டேன். அம்மா வீட்டை விடவும் உங்களுக்கு வெளி அதிகமாகவே இருக்கும். இரண்டு அறைக்குப் பதில் ஒன்று. நானும் குழந்தையும் அறையில், ஹோனமி சமையலறையில் படுத்துக்கொள்வாள். படம் இதோடு இருக்கிறது, நீங்களே பாருங்கள். உங்கள் வெயிலை நான் தொடவில்லை.

அவளுடைய புருஷன் தினமும் போன் செய்கிறான். அழுகிறானாம், மாறிவிட்டானாம். "நமக்குன்னு ஒரு வீடு வந்துட்டா நான் போக மாட்டேம்மா. வீடு வருமா, வராதா, அதை மட்டும் சொல்லு" என்கிறாள். என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜனவரி கடைசிக்குள் விண்ணப்பம் போனால்தான் வசந்தத்தில் வேலை தொடங்கும். சுவர் இடிக்கச் சம்மதம் என்ற காகிதம் இதில் வைத்திருக்கிறேன். என் முத்திரை வைத்தாயிற்று. உங்களுடையது மட்டும் பாக்கி. தபால்தலை ஒட்டிய உறையும் இருக்கிறது. ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம், முத்திரையை வைத்துப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

எல்லை என்ற எழுத்தை நாலு இடத்தில் சரியாக எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இதைத் தொடங்கினேன்.

தமாகி

•

சுருவோகா
2018 பிப்ரவரி 2

அண்ணனுக்கு,

பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் சேர்ந்ததா என்று தபால் ஆபீசில் விசாரித்தேன். டிசம்பர் 12ஆம் தேதியே சேர்ந்துவிட்டதாம். வாங்கிக்கொண்டது நீங்களேதானாம்.

புது வருஷத்துக்குள் வரும் என்று இருந்தேன், வரவில்லை. ஜனவரியும் போய்விட்டது. தபால்காரர் வருகிற நேரத்துக்கு ஹோனமி வாசலில் பனி அள்ளுகிற சாக்கில் நிற்பாள். இந்த வாரம் நிற்கவில்லை.

இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். சுவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் பாதியையும் சேர்த்து.

தமாகி

•

கொகுபுன்ஜி
ஏப்ரல் 22

தமாகிக்கு,

இன்று காலை கோட் போட்ட ஒருவர் வாசலில் வந்து இரண்டு தடவை குனிந்து வணங்கினார். காகிதம் சுற்றிய ஒரு துண்டை நீட்டினார். யாராவது வீடு கட்டத் தொடங்கினால் அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்களே, முகம் துடைத்தால் தண்ணீரை உறிஞ்சாத அந்த மெல்லிசுத் துண்டு. "கொஞ்ச நாளைக்குச் சத்தமும் தூசியுமா இருக்கும், பொறுத்துக்கணும்" என்றார்.

"எங்கே கட்டறீங்க?" என்று கேட்டேன். "உங்களுக்கு நேர் தெற்கே சார். பின்னால இருக்கற அந்தப் பழைய வீடு" என்றார். நீதான் தொடங்கிவிட்டாய் என்று ஒரு கணம் நினைத்தேன். சுவரை இடிக்காமல் எப்படி அனுமதி வாங்கினாள், கெட்டிக்காரிதான் என்றுகூட நினைத்தேன். அவர் பையிலிருந்து படத்தை எடுத்து விரித்தார். "மேற்குப் பக்கத்து மொரிஷிதா சார் மனையையும் இதையும் ஒண்ணா சேத்தாச்சு. அவருக்கு அந்தப் பக்கம் அகலமான தெரு இருக்கு, அதனால சந்துப் பிரச்சினையே இல்ல. கீழ நாலு வீடு, மேல நாலு வீடு, வாடகைக்கு. எல்லாம் விதிப்படிதான் சார், ஒரு சென்டிமீட்டர் கூடக் கிடையாது."

கையில் துண்டோடு அங்கேயே நின்றேன். நீ விற்றுவிட்டாய்.

இப்போது சொல்வதில் பிரயோஜனம் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். கினுகோவுக்கு நடுக்குவாதம். மூன்றாவது வருஷம் நடக்கிறது. நினைவு நாளன்று அவளால் படி இறங்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு இறங்குகிறேன் என்றேன். "தமாகி பாக்கறப்பவா? வேணாம். டிவியப் போட்டுட்டுப் போங்க" என்றாள். அதற்கு அடுத்த மாதமே கட்டிலைக் கீழே தெற்கு அறைக்குக் கொண்டு வந்தோம். செவ்வாயும் வெள்ளியும் பகல் பராமரிப்பு இல்லத்து வேன் வந்து அவளைக் குளிப்பாட்டக் கூட்டிப்போகும். சக்கர நாற்காலியை ஏற்றி இறக்குவதற்குள் மழையில் நனைந்துபோவாள் என்றுதான் அந்த ஷெட் போட்டேன். காருக்காக இல்லை.

உன்னிடம் சொல்கிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டேன். "அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க. சொன்னா வந்துடுவா. வந்து எனக்கும் செய்வா. அத்தைக்கு நான் சுவத்து மேல கிண்ணம் நீட்டினவ. அவ கையால என்னைத் துடைச்சுவிட்டா என்னால தாங்க முடியாது." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். நீ போனில் கூப்பிட்டபோதெல்லாம் அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அதனால் வைத்தேன்.

குளிர்காலத்தில் அம்மா வீட்டுக் கூரைக்கு மேலாக வெயில் அவள் கட்டிலுக்கு வரும். காலையில் காலில் தொடங்கி, மத்தியானத்தில் கைக்கு ஏறும். வெயில் பட்டால் நடுக்கம் அடங்குகிறது என்பாள். டாக்டர் அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்கிறார். நான் டாக்டரை நம்பவில்லை. தெற்கே மாடி வரக் கூடாது என்றது இதற்குத்தான்.

இன்னொன்று. இந்த உறைக்குள் உன் காகிதம் இருக்கிறது. உன் கடிதம் வந்த அன்றே முத்திரை வைத்துவிட்டேன். உன் படத்தைக் கினுகோவிடமும் காட்டினேன். "ரொம்பத் தள்ளிக் கட்டறாளே, பாவம்" என்றாள். ஆனால் தபாலில் போடவில்லை. ஷெட்டுக்காக. கொஞ்ச நாள் தவிக்கட்டும், புது வருஷம் கழித்து அனுப்பலாம் என்று இழுப்பறையில் வைத்தேன். ஜனவரியில் அவளுக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தேன். அதில் மறந்துவிட்டது என்று உன்னிடம் சொல்லலாம். மறக்கவில்லை. நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று இருந்துவிட்டேன்.

குனிஹிகோ

•

சுருவோகா
மே 6

அண்ணா,

முத்திரையைப் பார்த்தேன். வட்டம் எங்கேயும் விட்டுப்போகாமல், சாயாமல், நேராக விழுந்திருக்கிறது. நீ எதையும் ஒழுங்காகத்தான் செய்வாய்.

ஹோனமி போய்விட்டாள். பிப்ரவரியிலேயே, அவனிடமே. குழந்தைக்குப் பனி பூட்ஸ் மாட்டிவிட்டுக்கொண்டே, "உன் மேல ஒரு கோபமும் இல்லம்மா. எனக்குக் காத்திருக்கத் தெம்பு இல்ல" என்றாள். நீ நாளைக்கு, நாளைக்கு என்று வைத்திருந்த காகிதம் இழுப்பறையில் தூங்கும்போதுதான் அவள் பெட்டி கட்டியிருக்கிறாள். அவள் போன அடுத்த வாரம் மொரிஷிதாவுக்கு எழுதினேன். புது வீடு கட்ட முடியாத மனைக்கு என்ன விலை கிடைக்குமோ அந்த விலைதான் கொடுத்தான். பேரம் பேசவில்லை. பெரிசாகக் கட்டுவான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் விற்றேன். வடக்கே உனக்கு வெயில் இல்லாமல் போகட்டும் என்று நினைத்துத்தான் விற்றேன். மண்ணைத்தானே விற்றேன், வெயிலையா விற்றேன் என்று இந்த இரண்டு வாரமாகச் சொல்லிப் பார்க்கிறேன், அது பொய்.

ஒரு வரி எழுதியிருக்கலாம் நீ. 'கினுகோவுக்கு உடம்பு சரியில்லை' என்று ஒரே ஒரு வரி. காகத்துக்கும் பெர்சிமனுக்கும் நாலு வரி ஒதுக்கினாய், கட்டிய பெண்டாட்டிக்கு 'நலம்' என்று ஒரு சொல். நானும் சரியில்லைதான். கார் இல்லாதவன் எதற்கு ஷெட் போட்டான் என்று கேட்டேனே, கேட்டதற்குப் பதில் யோசித்திருக்கலாம். ஆஸ்பத்திரிச் சமையலறை வாசலில் தினமும் சக்கர நாற்காலி போவதைப் பார்த்தவள் நான். எனக்குத் தோன்றாமல் போனதே.

அண்ணி என்னைப் பற்றிச் சொன்னது சரி. தெரிந்திருந்தால் வந்திருப்பேன். வந்து எல்லாம் செய்திருப்பேன். செய்துகொண்டே அந்தக் கிண்ணத்தைச் சொல்லியும் காட்டியிருப்பேன். என்னை நன்றாகத் தெரிந்தவள் உங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான்.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்திருக்கிறேன். ஜன்னல் வடக்கே பார்த்தது. கேட்டு வாங்கியதல்ல, கிடைத்தது.

தமாகி

•

கொகுபுன்ஜி
டிசம்பர் 23

தமாகிக்கு,

பருவத்தைப் பற்றி நாலு வரி. இந்த மாதம் முழுக்க ஒரு நாள்கூட மேகம் இல்லை. தெருக்கோடியில் நின்றால் தூரத்து மலை மேல் பனி தெரிகிறது. வடக்கே தெருப்பக்கம் போனால் வெயிலில் கண் கூசுகிறது. முப்பது வருஷத்தில் இவ்வளவு தெளிந்த டிசம்பர் எனக்கு நினைவில்லை.

கட்டடம் முடிந்து ஆட்கள் குடி வந்துவிட்டார்கள். எல்லாம் விதிப்படி. எல்லையோரம் கூரையைச் சரித்து வெட்டியிருக்கிறார்கள், மனையில் பாதியை விட்டிருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. சைக்கிள் நிறுத்த இடம் வேண்டும், சுவரை இடிக்கலாமா என்று புது உரிமைக்காரர் மொரிஷிதா காகிதம் அனுப்பினார். முத்திரை வைத்து அன்றே தபாலில் போட்டேன். ஒரு மத்தியானத்தில் இடித்து அள்ளிவிட்டார்கள். அப்பாவின் நூல்கூட ஒரு கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கினுகோவின் ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி போட்டிருக்கிறேன். எதிரே அவர்கள் சுவர் வெளிர் சாம்பல் நிறம். கட்டிலில் படுத்துப் பார்த்தால் மூடிய வானம் மாதிரித்தான் தெரியும். "இந்த வருஷம் என்ன இப்படி மேகமாவே இருக்கு?" என்று கேட்கிறாள். "ஆமா, எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்கிறேன். ரேடியோவில் வானிலை வரும்போது தண்ணீர் குழாயைத் திறந்துவிடுகிறேன்.

வேலை நடந்தபோது அந்தச் சத்தத்தை அவளிடம் மறைக்க முடியவில்லை. "யாரு கட்டறாங்க?" என்றாள். தமாகி என்றேன். எனக்கு வேறு பேர் வாயில் வரவில்லை. "ஒரு தளந்தானே?" என்றாள். ஒரு தளம்தான், நன்றாகத் தள்ளித்தான் கட்டுகிறாள் என்றேன். அன்று முழுக்க அவள் முகம் தெளிவாக இருந்தது. போன வாரம் அந்தப் பக்கம் குழந்தைச் சத்தம் கேட்டுவிட்டு, "ஹோனமி குழந்தையா? வந்துட்டாங்களா? ஒரு பூசணிக்கா வேகவச்சுக் கொண்டு போய்க் குடுங்க. நான் சொல்லித்தரேன், நீங்க செய்யுங்க" என்றாள். செய்தேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது பின்னாலிருந்து கூப்பிட்டாள். "சுவத்து மேல நீட்டிடாதீங்க. இந்தத் தடவை சுத்திப் போய்க் குடுங்க."

சுற்றிப் போனேன். தெருவில் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றேன். பூசணிக்காயை நானே சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு திரும்பினேன். நீ என்ன சொன்னாய் என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு என்ன சொல்வது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். வெயில் வராத ஊரில் இத்தனை வருஷம் இருந்தவள் நீ. அங்கே பகலை எப்படிக் கழிப்பார்கள் என்று எழுது.

குனிஹிகோ

•

சுருவோகா
2019 ஜனவரி 5

அண்ணா,

இங்கே பருவத்தைப் பற்றி எழுத ஒரு வரிக்கு மேல் கிடையாது. மூடியிருக்கிறது.

காலையில் எழுந்ததும் லைட்டைப் போட்டுவிடு. இருட்டினதும் போடலாம் என்று வைத்துக்கொண்டால் பகல் நகராது. சாயங்காலம் ஆனதும் திரையை மூடு, காலையில் பாதிதான் திற. முழுசாகத் திறந்தால் வெயில் வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். கைக்கு வெந்நீர்ப் பை வை, துணி சுற்றி வை. கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று நான் இங்கே வந்த புதிதில் எல்லோரும் சொன்னார்கள். பழகாது. அதை அவளிடம் சொல்லாதே.

பூசணிக்காய் வந்தது என்று அண்ணியிடம் சொல். நன்றாக வெந்திருந்தது, குழந்தைகூட இரண்டு துண்டு தின்றது என்று சொல். உப்பு மட்டும் தூக்கல், அவள் புருஷனுக்குச் சமையல் சொல்லித்தருவது வீண் வேலை என்று தமாகி முகத்துக்கு நேரே சொன்னாள் என்று சொல். அப்போதுதான் நம்புவாள்.

தமாகி